சோளன் தாடிக் கசாயம்

அன்று வளவுக்குள் நின்றவர்கள்: நான். என்னைக் கட்டிய மாப்பிள்ளை, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு. என் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவ. ராத்தாவின் மாப்பிள்ளை, எனக்கு மச்சான். மாமி, என் மாப்பிள்ளையைப் பெற்றவ. ஐந்து பேரும் சோளனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எழுபதுகளின் கடைசி. மாப்பிள்ளைக்குச் சலம் போக முடியாத நோவு. ஆஸ்பத்திரியில் படம் பிடித்து, கல் என்றார்கள். நிறையத் தண்ணீர் குடி, அடுத்த மாதம் வா, இறங்காவிட்டால் வெட்டி எடுப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். நோவைவிட அந்தக் கத்திதான் அவரை வாட்டியது. சுன்னத்துக்குப் பயந்து முருங்கையில் ஏறி, கொப்போடு விழுந்த மனிதர். மாமியே சொன்ன கதை.

ராத்தா தவிட்டை வறுத்துச் சீலையில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னா. கொடுத்தேன். நோவு தணிந்தது, கல் அசையவில்லை. மாமி அட்டாளைச்சேனையில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியிடம் கேட்டு வந்தா. சோளன் பொத்தியின் நுனியில் தொங்கும் நூலை, நாங்கள் தாடி என்போம், அவித்துக் குடிக்க வேண்டுமாம். பச்சையா காய்ந்ததா என்று கேட்க மறந்துவிட்டா.

சோளன் என் வளவிலேயே நின்றது. மணலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. பொத்தி தள்ளி, தாடி அப்போதுதான் வெளியே எட்டிப் பார்த்தது.

"இப்ப பிச்சா மணி பிடிக்காதுகா. காயட்டும்," என்றா ராத்தா.

"காயிற வரைக்கும் நான் இரிக்கணுமே," என்றார் மாப்பிள்ளை.

பச்சையில்தான் சத்து என்று மாமி சொன்னா, பரியாரியே சொன்ன மாதிரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிய்த்தேன்.

வெறும் தண்ணீர் குடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர், கசாயத்தைக் கேத்தல் கேத்தலாகக் குடித்தார். மாட்டுத் தொட்டித் தண்ணீர் போல இருக்கிறது என்று ஒவ்வொரு கோப்பைக்கும் சொன்னார். ஒரு காலை, சுபஹு தொழுதுவிட்டுப் போனவர் வளவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். சலம் பிடித்துப் பார்க்க வைத்திருந்த பால்மா டின்னில் கல் கிடந்தது. பயறளவு. உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்.

மச்சான் குனிந்து பார்த்தார். "நல்ல புள்ளதான் தம்பி. பேர் வைங்க."

ஆஸ்பத்திரியில் மறுபடி படம் பிடித்துவிட்டு, வெட்டத் தேவையில்லை என்றார்கள். கசாயமா, தண்ணீரா, அல்லாஹ் அறிவான். தெருவில் சலக்கடுப்பு உள்ளவர்கள் மிச்சத் தாடிக்கும் வந்தார்கள். கொடுத்தேன்.

பிறகு மாப்பிள்ளைக்கு அவித்த சோளன் தின்ன ஆசை வந்தது. ஒரு பொத்தியை முறித்து உரித்தேன். உள்ளே வெறும் தண்டு.

"இதென்ன புள்ள, ஒரு பல்லுமில்ல?"

"உங்கட கல்லோட போயித்து," என்றா ராத்தா.

எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தேன். மணி பிடித்த பொத்தி மூன்று.