பன்னிரண்டு பேரிங் இருக்கு

கூத்தாநல்லூர் ஜெக்கரியா சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருடம் என்ன வேலை பார்த்தார் என்பது ஊரில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. ஓர் இயந்திரம் என்றைக்கு முடிய வேண்டுமோ, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த போல்ட்டை எந்த வாரம் வாங்க வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. இவ்வளவு துல்லியமான மனிதர், தன்னைப் பெற்ற அத்தாவின் ஜனாஸா அடக்கத்துக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். அவர்மீது குற்றமில்லை. கெட்ட சேதியைக் கடல் தாண்டி அனுப்புவதில்லை என்பது அவர்கள் தெருவின் வழக்கம். கேட்பவர் தவிப்பார், லீவும் கிடைக்காது. எல்லாம் முடிந்த பிறகுதான் "அத்தாவுக்குக் கொஞ்சம் முடியல" என்று போன் வரும்.

போன சித்திரையில் ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். மன்னார்குடி சாலையில் அரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் குணசேகரன், தன் பட்டறையிலும் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவர அவரைப் பிடித்துக்கொண்டார். தை அறுவடைக்குள் மூன்று ஆலைகளுக்கு நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் போயாக வேண்டும். ஜெக்கரியா ஒவ்வொரு ஆலையையும் தனி வேலையாகப் பிரித்தார். எதற்கு என்னென்ன வேண்டும், வாங்க எத்தனை நாள் ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார். இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் ஸ்டோர் நல்லக்கண்ணுதான் சொல்ல வேண்டும்.

நல்லக்கண்ணு எதைக் கேட்டாலும் "இருக்கு சார்" என்றார்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை பேரிங் தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் பன்னிரண்டு. அலமாரியில் நான்கு.

"இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாயே வராதாய்யா?"

"பொருள் வைக்கிற எடத்துல நின்னுக்கிட்டு எப்படி சார் அந்த வார்த்தையச் சொல்றது? வந்துரும்னுதான் சொன்னேன்."

"நீங்க இருக்குன்னு சொன்னா கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லாது. மிஷினுக்கு உங்க நல்ல மனசெல்லாம் தெரியாது. இன்னைக்குப் பூராவும் எண்ணுங்க. இல்லாதத இல்லைன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு, வீட்டில் விட்டுவந்த பழைய நோட்டை எடுக்கப் பதினொரு மணிக்கே திரும்பினார். ஏழு மாதத்தில் அவர் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்ததே இல்லை. வாசலில் வாடகைக் கார் நின்றது. மனைவி நஜ்மாவும் அவளுடைய அக்கா ஹமீதா பானுவும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அக்கா வீட்டுப் பக்கத்துல ஒரு நிச்சயம்ங்க" என்றாள் நஜ்மா.

ஹமீதா பானுவின் கைப்பைக்குள் ஸ்கேன் உறை அடங்கவில்லை. ஜெக்கரியா அதை உருவினார். எண்களை நம்பியே வாழ்ந்தவர். முதலில் பார்த்தது தேதியைத்தான். போன வருடம் புரட்டாசியில் எடுத்தது.

"பதினாலு மாசமா?"

"அங்க இருக்கயில சொன்னா என்ன பண்ணுவீங்க? தவிப்பீங்க."

"நான் வந்து ஏழு மாசமாச்சு நஜ்மா. ராத்திரி இதே வீட்டுலதான் சோறு திங்கிறேன். தெனமும் கேட்டேன்ல, ஒடம்புக்கு எப்படியிருக்குன்னு?"

"தைக்குள்ள முடிக்கணும்னு அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. சரி, தை கழியட்டும்னு இருந்தேன்."

ஹமீதா பானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பவே மாரை எடுத்துரணும்னாங்க தம்பி. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மாட்டேன்னுட்டா."

அதே காரில் அவரும் ஏறிக்கொண்டார். தஞ்சாவூர் டாக்டர் சின்ன வயசுக்காரர். இப்போது எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது, இனி வலிக்கு மட்டும்தான் பார்க்கலாம் என்றார். நஜ்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு ஜெக்கரியா தேதி கேட்டார். டாக்டர் தேதி சொல்லவில்லை. சித்திரையைத் தாண்டினால் பெரிது என்றார்.

அதிலிருந்து பின்னோக்கி எண்ண முயன்றார். சென்னையிலிருந்து மகள் ஷமா வர வேண்டும், அது ஒரு நாள். அதற்கு மேல் என்னென்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தரங்கம்பாடிக் கடலுக்கு ஒருதரம் கூட்டிப் போங்கள் என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டது மட்டும் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் எதையாவது கேட்டிருக்கிறாளா?

திரும்பும்போது அம்மாப்பேட்டை தாண்டியதும் போன் அடித்தது. நல்லக்கண்ணு.

"சார், பூரா எண்ணிட்டேன்." குரலில் புதுப் பெருமை. "பேரிங் எட்டு இல்லை. பெல்ட்டு இல்லை. எலிவேட்டர் பக்கெட்டு அறுபது இல்லை. ஒளிக்காம சொல்லிட்டேன் சார். சரிதானே?"

"சரிதான் நல்லக்கண்ணு" என்று போனை வைத்தார்.

நஜ்மா ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். இரு பக்கமும் சம்பா தூர்கட்டி நின்றது.

"யாரு, பட்டறையா? உங்க மிஷினு தைக்குள்ள போயிரும்ல?"

"போயிரும்."

"எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு" என்றார் ஜெக்கரியா. "ஒண்ணும் கொறையில்ல. நீ கொஞ்சம் தூங்கு."