கிரீடம் வைத்த ஈயக் கார்

எனக்கு வயது தொண்ணூறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; அதில் இரண்டு நான் பெறாதவை. எனக்குத் தெரிந்த எழுத்து கையெழுத்தோடு நின்றுவிடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

மலாய் நாட்டில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோன பிறகு, அம்மாவும் நானும் காஜா பெராங்கில் பெரியம்மா வீட்டில் ஒண்டியிருந்தோம். பெரியம்மா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா என் தொடையில் கிள்ளுவார். நான் கூப்பிடமாட்டேன். வாடி, போடிதான். எல்லாம் அவளிடம் இருந்த பிஸ்கட் டின்னால் வந்த வயிற்றெரிச்சல்.

பெரியப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் காரோட்டியவர். துரை குடும்பத்தோடு கப்பலேறி ஓடியபோது, தன் மகன் சேர்த்துவைத்திருந்த பட்டாள வண்டிப் பொம்மைகளை அந்த டின்னில் போட்டுப் பெரியப்பாவிடம் விட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்கும் வண்டிகள், எல்லாம் கனத்த ஈயம். லாரி, பீரங்கி வண்டி, சிவப்புச் சிலுவை போட்ட ஆம்புலன்ஸ். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கறுப்புக் கார். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை அளவுக்குப் பொன்னிறக் கிரீடம்.

"வெள்ளக்கார ராஜா சண்டையில பட்டாளத்தப் பாக்கப் போற காரு இது. இதுக்கு நம்பரே கெடையாது" என்பார் பெரியப்பா, அவரே அதை ஓட்டியவர் மாதிரி.

மத்தியானத்தில் அடுப்படித் தரையில் அவள் அணிவகுப்பு நடத்துவாள். லாரி தள்ளுவது என் வேலை. கார் பக்கம் கை போனால் தட்டிவிடுவாள்.

"ஏய், தொடாத! உள்ள ராஜா இருக்காரு."

"இருக்கட்டுமே, நானும் ஏறிக்கிறேன்."

"நீ லாரியில ஏறு. மரவள்ளிக்கெழங்கு ஏத்துற லாரிதான் ஒனக்கு."

வீடுகளில் மாட்டியிருந்த ராஜா படங்களையெல்லாம் கழற்றி எரித்த காலம் அது. ஜப்பான்காரன் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்துபோய், கிரீடத்தைச் சுரண்டப் பெரியப்பா கத்தி எடுத்தார். அவள் போட்ட கூச்சலில் கத்தியை வைத்துவிட்டு, அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினார். அன்றைக்கு எனக்கு மரவள்ளிக்கிழங்குகூட இனித்தது. ராஜா கார் வெறும் கார் ஆகிவிட்டதே! ஆனால் அவள் பாவாடை நுனியால் துடைத்துத் துடைத்து, மறுநாளே கிரீடம் எட்டிப் பார்த்தது.

பிறகு எனக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழும். மீனும் பச்சைப்பயறும் கொடுக்கச் சொன்னார் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். சந்தையில் எங்கே இருந்தது மீன்? ஆனாலும் என் தட்டில் விழுந்தது. கடலோரத் தெங்கேராவிலிருந்து மலாய்க்கார வலைக்காரர் ஒருவர் பின்வாசலுக்கு வந்து, பெரியம்மாவிடம் இலைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். நடுத்துண்டு எனக்கு. தலையும் வாலும் அவளுக்கு.

அதே சமயத்தில் அணிவகுப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. ஆம்புலன்ஸைக் காணோம். பீரங்கி வண்டியைக் காணோம். என் லாரியையும் காணோம். என் கண்ணில் படக்கூடாதென்று ஒளித்துவைக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பாயை உதறினேன், விறகடுக்கைக் கலைத்தேன். கடைசியில் டின்னே காலி.

"ராஜா காரு எங்கடி?"

"கடலுக்குப் போயிருச்சு."

"பொய்யி! காரு கடல்ல போவுமா?"

"போவும். நீ மீனத் தின்னு."

அவள் கண் சிவந்திருந்தது. நான் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டு, அவள் பார்க்கப் பார்க்க முள்ளைக்கூடச் சப்பித் தின்றேன்.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னார். வலையின் அடியில் கட்டும் குண்டுகளுக்கு ஈயம் கிடைக்காமல் வலைக்காரர்கள் தவித்தார்களாம். பின்வாசலுக்கு வந்த அந்த மனிதர் வண்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிப்போய் உருக்கிக் குண்டு வார்த்தார், பதிலுக்கு மீன். ராஜா காரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளே எடுத்துவந்து அவர் கையில் வைத்தாளாம்.

கேட்டதும் மனம் இளகியிருக்க வேண்டும். வந்ததோ பழைய பொறாமைதான். கொடுப்பதற்கு அவளிடம் ஒரு ராஜா கார் இருந்தது. என்னிடம் வீங்கின கால் மட்டும்தான். எதைத் தின்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் தின்றுகொண்டிருந்தேன்.

கண்ணு, எழுதிட்டியா? அவள், அவள்னு நான் சொன்ன எடத்துல எல்லாம் அக்கான்னு மாத்து. மாத்திட்டு மொதல்லேருந்து படி, கேக்குறேன்.