எச்சில் கொடுத்த நாள்

போன வருடம் கடலைக்காய் பிடுங்கி முடித்த சமயம். பென்னாகரத்தில் பஸ் ஏறி, மருமகளோடு தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படை. காரம் பட்டால் எரியும். நாற்பது வருடமாக நான் புகையிலை அடக்கும் இடம் அது. புற்றாக இருக்குமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, கன்னத்தில் துளி சதை எடுக்கும் முன், புகையிலையை விட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்று கொஞ்சம் எச்சிலும் கேட்டாள்.

"பொகையில வுட்டு எத்தினி நாளாச்சுங்க ஆயா?"

"ஆச்சு, ஒரு மாசம்" என்றேன். பஸ்ஸில் அடக்கியதை ஆஸ்பத்திரிக் குழாயில் அப்போதுதான் கொப்பளித்திருந்தேன். மருமகள் என்னையே பார்த்தாள்.

எச்சிலில் என்ன தெரியும் என்று கேட்டேன். புண் பட்டால் உடம்பு ஏதோ புரதங்களை அனுப்பி ஆள் கூப்பிடுமாம். வந்தவர்கள் ஆற்றிவிட்டுப் போக வேண்டும். தினமும் புகையிலை பட்டால் கூப்பாடு ஓயாதாம். கடைசியில் அதுவே நல்ல சதையைக் கெடுத்துப் புற்றுக்கு வழி விடுமாம்.

"ஆனை வந்தா தகரம் தட்டற மாதிரிதான். ஊரே ஓடியாரும். தெனமும் தட்டுனா, வந்த கூட்டமே கேவுரு கொல்லைய மிதிச்சுப்புடும்" என்றேன்.

"அதேதாங்க ஆயா! எங்க சாருகூட இப்பிடிச் சொல்லல" என்று சிரித்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதிய தாளை அவள் வாசித்துக் காட்டி, கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறந்தாள். "கையெழுத்தே போடுவேன்" என்று பேனாவை வாங்கினேன். ஐம்பது வயதில் கற்ற நாலெழுத்து. முதல் எழுத்தோடு கை நின்றுவிட்டது. என் பேரைப் பொய்க்குக் கீழே நான் எழுதியதே இல்லை.

"அந்த ஒரு மாசத்த அடிச்சுடு கண்ணு. காத்தால பஸ்ஸுல போட்டேன்."

"பொட்டலம் இன்னும் மடியிலதாங்க இருக்குது" என்றாள் மருமகள், காத்திருந்தவள் போல.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. "இன்னிக்கு எச்சில் வேண்டாங்க ஆயா. நெசமா வுட்டுட்டு வாங்க, அப்ப எடுத்துக்கறேன்" என்று சதை மட்டும் எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டிலேயே பொட்டலத்தை மருமகள் கையில் கொடுத்தேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்று இல்லை, ஆனால் வரப்பு வரை வந்துவிட்டிருந்ததாம். மூன்று மாதம் கழித்து, தலை நிமிர்ந்து போய் எச்சில் கொடுத்தேன். இன்றைக்கு மிளகு ரசம் எரியாமல் இறங்குகிறது.

நான் சொல்ல மருமகள் எழுதிய இந்தத் தாளிலும் என் பேரை நானேதான் போட்டேன். முதல் எழுத்தில் கை கொஞ்சம் நிற்கிறது, சொன்னதெல்லாம் நிஜம்தானா என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த எழுத்துக்குப் போகிறது.