சினையாடும் காரச்சேவுக் கவரும்

தவக்காலத்தில் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் விளாத்திகுளத்தில் இறங்கி, குளத்தூர்ப் பக்கத்து மாதா கோவிலுக்கு நடப்பது எங்கள் கத்தோலிக்கப் பங்கின் வழக்கம். இரண்டு வருஷமாக அது பூமியைக் காக்கும் நடையாகவும் ஆகிவிட்டது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், ஆளுக்கொரு சாக்கு. ஜெபமாலை சொல்லிக்கொண்டே வழியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்க வேண்டும். மதியம் வரை ஒருசந்தி, பச்சைத்தண்ணீர் மட்டும்.

மைக் என் கையில். "பாலித்தீனைத் தொடமாட்டோம்!" என்று நான் முழங்க, பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தொண்டை அப்படி. அந்தத் தொண்டைக்குக் கீழே ஒரு வயிறு இருப்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

சட்டைக்குள் காரச்சேவு வைத்திருந்தேன். பாலித்தீன் கவரில்.

வெயில் ஏறியதும், ஒதுங்கப் போகிறவன்போல வேலிக்கருவை மறைவுக்குப் போய் நாலே வாயில் தீர்த்தேன். கவரைச் சாக்கில் போடலாமென்றால், அடுத்த நிறுத்தத்தில் எல்லாச் சாக்கையும் கொட்டித் தரம் பிரிப்பது என் மனைவி. எண்ணெய் வாடையிலேயே ஆளைப் பிடித்துவிடுவாள். முள்ளுக்குள் செருகிவிட்டுத் திரும்பினேன்.

ஒரு வெள்ளாடு அதை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. வயிறு பெருத்த சினையாடு. அதற்கென்ன ஒருசந்தியா?

ஆடு செத்து, குட்டி செத்து, கடைசித் தீர்வை நாளில் அந்த ஆடு எழுந்து நின்று என்னைக் கைகாட்டுவதுவரை ஒரு நொடியில் பார்த்துவிட்டேன். ஆட்டுக்கு ஏது கை என்றுகூடத் தோன்றவில்லை. பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கவரை இழுத்தேன்.

"ஏலே! பட்டப்பகல்ல ஆட்டத் தூக்குதாம்லே!" என்று கம்போடு ஓடிவந்தாள் ஆட்டுக்காரி.

"இல்லம்மா… பிளாஸ்டிக்கு… உள்ள போயிட்டு…"

பாதிக் கவர் கிழிந்து கையோடு வந்தது. மீதி வரவில்லை. அவள் முகம் மாறியது.

"எந்த நாசமாப் போறவன் போட்டானோ! ரெண்டு குட்டி சுமக்குது அண்ணாச்சி. நீங்க நல்லா இருப்பீய." கம்பைக் கீழே போட்டுக் கும்பிட்டாள்.

சத்தம் கேட்டுக் கூட்டத்தோடு வந்த பங்குச் சாமியார் என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா, இதுக்காகத்தான் நடக்குதோம்!" எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். மீதி வழியில் குரலே எழவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது காரச்சேவு தின்றதைச் சொன்னேன், கவரைச் சொல்லவில்லை.

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். மிளகாய்க் காட்டோரம் ஆட்டுக்காரி நின்றிருந்தாள்.

"அம்மா, அந்த நாசமாப் போறவன் நாந்தான்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அசை நின்னா ஆடு போச்சு. நேத்துலேர்ந்து அது அசை போடுதான்னு பாத்துக்கிட்டே கெடக்கேன்" என்றாள். "குட்டி போடுத வரைக்கும் இனி நீரும் வந்து பாரும்."

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் போகிறேன். ஆட்டின் முன்னால் குத்தவைத்து அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் நடுவில் மெல்லுவதை நிறுத்திவிட்டது. நான் எழுந்தே விட்டேன்.

"பதறாதீரும்" என்றாள். "மோப்பம் புடிக்குது. பையில என்ன வச்சிருக்கீரு?"

கடலைமிட்டாய். தாளில்தான் சுற்றியிருந்தேன். ஆனாலும் பையைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்தேன். தாடை மறுபடி அசையும்வரை அதைப் பிரிக்கவில்லை.