பதினான்கு மலை அணில்கள்

அனுஷியாவுக்கு அட்டை என்றால் பயம். கணிதம் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராக உட்கார்ந்தே வேலை செய்யலாம் என்று நினைத்துத் தெல்தெனியவிலிருந்து வந்தவள். காட்டு விலங்குகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் பிரிவில் போட்டார்கள். ஆறு வருடமாக, அட்டை ஏறாமலிருக்கக் காலுறைக்குள் சவர்க்காரம் தடவிக்கொண்டு, கடுகண்ணாவைப் பக்கம் ஒரு சின்னக் காட்டுத் துண்டில் மலை அணில்களை எண்ணுகிறாள். ஒவ்வொன்றையும் வாலை வைத்தே அடையாளம் சொல்வாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் எண்ணிக்கை பதினான்குதான். படிவத்தில் 'மொத்தம்' என்று ஒரே பெட்டிதான் இருந்தது. அதை நிரப்பி, 'ஆறு ஆண்டுகளாக எண்ணிக்கை குறையவில்லை' என்று சந்தோஷமாக எழுதிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினாள்.

அந்த வரிதான் வினையாயிற்று. சின்னக் காட்டுக்கும் எதிர்ச்சரிவிலுள்ள பெரிய காட்டுக்கும் நடுவே ஒரு வீதி. வீதிக்கு மேலே இந்தப் பக்கத்துப் பலாவும் அந்தப் பக்கத்து மாவும் கிளை கோத்து நிற்கின்றன. கீழ்க் கிளைகள் மின்கம்பியில் உரசுவதால் மழை வந்தால் முந்நூறு வீட்டில் கரண்ட் போகும். கிளைகளை முழுதாக வெட்டலாம், அணில்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவாகியிருந்தது. ஆதாரம், அனுஷியாவின் அறிக்கை.

முடிவு தெரிந்த அன்று மாலை, தங்கியிருந்த போர்டிங்கில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கார ஆஸியா உம்மா எட்டுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே பெருமை பேசினாராம்.

"பதினைஞ்சு வருஷம் புள்ள. எப்பவும் எட்டுப் பேர். ஒண்ணு கொறஞ்சதில்ல."

"இங்க யாரும் பொறக்கலியே ஆன்ட்டி. வருஷத்துக்கு மூணு பேர் கல்யாணம், வேலைன்னு போயிடுறாங்க. பிறகு எப்படி எட்டு?"

"புதுப் புள்ளைகள் வரும் தானே. கெம்பஸ் ஈக்கிற வரைக்கும் வரும். பஸ் ஓடினாச் சரி."

அனுஷியா கையைக் கழுவிவிட்டுப் பழைய குறிப்புப் புத்தகங்களை எல்லாம் இழுத்துப் போட்டாள்.

மறுநாள் வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு பார்வையிடல். பிரதேச செயலகத்திலிருந்து குறிப்பெடுக்க நான் போயிருந்தேன். மரம் வெட்டும் பொறுப்பு மின்சார சபையின் சதீஸ்குமாருடையது. அவர் ஜீப்பில் சாய்ந்தபடி அறிக்கையை நீட்டினார்.

"குறையவில்லைன்னு எழுதினது நீங்கதானே மிஸ்?"

"நான்தான் சேர். எண்ணினது சரி. சொன்னதுதான் பிழை."

"இது நல்லாருக்கே."

ஜீப்பின் மூக்கில் காகிதத்தை விரித்தாள். ஆறு வருடத்தில் அங்கேயே பிறந்து பிழைத்தவை ஒன்பது. செத்தவையும் காணாமல் போனவையும் இருபத்தேழு.

"பதினாலோட ஒன்பதக் கூட்டி இருபத்தேழக் கழிங்க சேர்."

சதீஸ்குமாரின் உதடு அசைந்தது. "மைனஸ் நாலு."

"மைனஸ் நாலு அணில நான் எங்கயும் பாத்ததில்ல. ஆனா அங்க பதினாலு நிக்குது. அப்ப பதினெட்டு வெளியில இருந்து வந்திருக்கணும். வருஷத்துக்கு மூணு." அவள் மேலே காட்டினாள். "இந்த வழியாத்தான். தரையில இறங்க அதுகளுக்குப் பயம்."

"வழிய மூடினா?"

"அடுத்த வருஷம் பதினொன்னு. பிறகு ஒன்பது, ஏழு, அஞ்சு. அஞ்சாவது வருஷம் நாலு. அந்த நாலும் ஆணாப் போச்சுன்னா அதோட சரி."

சதீஸ்குமார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முந்நூறு வீட்டுக்கு நான் என்ன சொல்ல? அணிலுக்கு விருந்தாளி வருது, நீங்க மெழுகுவர்த்தி பத்த வைங்கன்னா?"

 அனுஷியா கழுத்து வரை சிவந்துபோய் நின்றாள். காலுறைக்கு மேல் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அவரே அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "உச்சியில ரெண்டு கிளை கம்பிக்கு எட்டாது. அத விட்டுட்டுக் கீழ உள்ளத வெட்டுறேன். இந்த இடத்துக் கம்பிக்கு உறை போடலாம். ஒரு வருஷம் பாப்போம். ஒண்ணும் வரலன்னா அதையும் வெட்டுவேன் மிஸ். தம்பி, எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அவள் கேட்டபடி, படிவத்தில் பிறந்தவை, போனவை, வந்தவை என்று மூன்று பெட்டிகளும் போடச் சொன்னார்.

ஜனவரியில் 'வந்தவை' வெறுமை. பெப்ரவரி, மார்ச்சும் அப்படியே. இரண்டு கிளை போதாதோ என்று போனில் மெல்லிய குரலில் கேட்பாள். எனக்கு என்ன தெரியும். ஏப்ரல் பதினெட்டாம் திகதி காலை ஒரு படம் அனுப்பினாள். உச்சிக் கிளையில் ஒரு மலை அணில். வால் நுனி ஒடிந்து வளைந்திருந்தது. பழைய பதினான்கில் அப்படி ஒரு வால் இல்லை.

சதீஸ்குமார் பதில் போட்டார்: 'சரி மிஸ். கிளை இருக்கட்டும்.'

ஆஸியா உம்மாவிடமும் படத்தைக் காட்டினாளாம். அவர் கண்ணாடியை மாட்டி நன்றாகப் பார்த்துவிட்டு, "பாவம், ஒடிஞ்ச வாலோட வந்தீக்கு. தனி ரூமா கேக்குது?" என்றாராம்.