அவிய பாத்துக்கிடுவாவ

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய ஒரு 'அவரும்' 'அவிய'தான், 'அவர்கள்' என்று ஒரு கூட்டமே வந்தாலும் 'அவிய'தான். இந்த ஒரு சொல்லால் எங்கள் கம்ப்யூட்டர் கூட்டம் நின்றுபோனது என்றால் யாரும் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் இன்ஜினியராக இருந்த ஒருவர், இரண்டு ஊரிலும் புரோகிராம் எழுதுகிறவர்களை வருடத்துக்கு ஒருநாள் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டுவார். மண்டபத்துக்கு முன்பே சொல்லிவைப்பது, கம்ப்யூட்டர்களைப் பழைய சேலையில் பொதிந்து வேனில் கொண்டுவருவது, கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் அவரே. நாங்கள் பெஞ்சை நகர்த்திப் போட்டுவிட்டு, நாங்களே நடத்திய மிதப்பில் திரிவோம்.

அந்த நாளுக்காக வருடம் முழுக்க ஏங்குவேன். வீட்டில் நான் டைப் அடிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தார்கள். என் சந்தேகம் இன்னொருவருக்கும் சந்தேகமாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

மூன்றாவது வருடம் நான் பேசுவதாக இருந்தது. பிரிண்டரில் தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். 'ஞ' மட்டும் என்னைப் படுத்தியெடுத்துவிட்டது. இதற்கிடையில் இன்ஜினியருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போன எங்களைப் பொதுவாகப் பார்த்து, "நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினோம்.

தேதி முன்பே முடிவானதுதான். மண்டபம் என்ன ஆயிற்று என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "அவிய பாத்துக்கிடுவாவ." ராஜபாளையத்துக்காரர்களுக்கு அவிய என்றால் நாங்கள். எங்களுக்கு அவிய என்றால் அவர்கள்.

அன்றைக்கு பிளாப்பியை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிப் போனேன். வாசலில் ஓர் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"வாங்க, வாங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

உள்ளே யாருக்கோ நிச்சயதார்த்தம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர, எல்லாருக்கும் கேசரி கிடைத்தது.

"ஏலே, மண்டபத்துக்கு நீங்கதான சொல்லணும்?" என்றார் ராஜபாளையத்துக்காரர் ஒருவர்.

"அவிய சொல்லியிருப்பாவன்னுல்லா நாங்க நெனச்சோம்!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம். அந்த இன்னொரு நாளையும் அவிய பார்த்துக்கொள்வார்கள் என்றே எல்லாரும் இருந்தோம். அது வரவே இல்லை.

சில மாதம் கழித்து சென்டருக்குச் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது.

"டீச்சர், உங்க பேச்சு எப்படிப் போச்சு? எம்புட்டுப் பேரு வந்தாவ?"

"எல்லாரும் வந்தாவ சார். அந்த அவியதான் வரலை."

நடந்ததைச் சொன்னேன்.

"பொதுவாச் சொல்லிட்டு வந்திருக்கக் கூடாது டீச்சர். ஒருத்தர்ட்டச் சொல்லியிருக்கணும். உங்ககிட்டயே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணலை."

பஸ்ஸில் அந்த மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. என்னிடம் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டிருப்பேன்.