துவைத்தும் வெளுக்காத பொம்மை

அன்று கொட்டாஞ்சேனையில் நர்சரிப் போட்டி நடந்த மண்டபத்தில் எங்கள் வீட்டுக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: அம்மா, அக்கா, நான். அக்காவின் ஐந்து வயது மகள் மேடைக்குப் பின்னால் இருந்தாள். அக்காவின் கணவர் இல்லை. கட்டாரில் ஒப்பந்தம் முடியாமல் அவரால் வர முடியாது. அம்மா வேலை செய்த வெள்ளவத்தை வீட்டு மேடமும் இல்லை. அவர் பிள்ளைகளோடு லண்டனில் இருக்கிறார். ஆனால் அவர் விட்டுப்போன புத்தகமும் பொம்மையும் வந்திருந்தன. முன்வரிசையில் நர்சரி டீச்சரின் மடியில் இருந்தன.

அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது சின்னப் பெண். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. அங்கே சமைத்தார், துவைத்தார், மேடத்தின் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தார். கல்யாணம் முடித்து எங்களைப் பெற்ற பிறகும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி அங்கேதான் போய்வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அக்காவின் படிப்பு பாதியில் நின்றது. ஏ.எல். பரீட்சை வரை போனவன் எங்கள் குடும்பத்தில் நான்தான். இப்போது கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. கரண்ட் பில்லிலிருந்து மருந்துப் போத்தல்வரை, வீட்டுக்குள் வரும் இங்கிலீஷ் எல்லாம் என் கைக்குத்தான் வரும். இந்தப் புத்தகம் மட்டும் வரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

மேடம் வீட்டைக் காலிசெய்தபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். வேறு யாராவது என்றால் மின்விசிறியையோ குக்கரையோ கேட்டிருப்பார்கள். அம்மா கேட்டது பிள்ளைகளின் அலுமாரியில் கிடந்த பழைய படப்புத்தகத்தையும் அதோடு சேர்ந்த துணிப்பொம்மையையும். மேடத்தின் தகப்பன் சிறுவனாக இருந்த காலத்தில் கப்பலில் வந்தவையாம். பேத்திக்கென்று கொண்டுவந்து பேப்பரில் சுற்றிப் பத்திரப்படுத்தினார். அவளுக்கு மட்டும் எப்போதாவது பிரித்துக் காட்டுவார். அந்தப் புத்தகத்தை மேடம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் சத்தமாக வாசிப்பாராம். ஒரு பக்கம் வந்ததும் இரண்டு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்குமாம். குசினி வாசலில் நின்று அம்மாவும் சிரிப்பாராம்.

“அந்தப் புள்ளைகளுக்கு அந்தப் பக்கம்னா உசிரு,” என்று சொல்லுவார். “மத்ததெல்லாம் வெள்ளைக்காரப் புள்ளைக. நம்ம கலர்ல ஒன்னே ஒன்னுதான். ஆனா சிரிப்பெல்லாம் அதுக்குத்தான்.”

பொம்மையும் படத்தில் இருந்த அதே பிள்ளைதானாம். அதை மேடத்தின் பிள்ளைகள் அம்மாவின் தங்கச்சி என்பார்களாம். ஊத்தையாக இருக்கிறது, வெள்ளையாகத் துவைத்துத் தாருங்கள் என்று அம்மாவிடம் கொண்டுவருவார்களாம். அம்மாவும் சவர்க்காரம் போட்டுக் கும்மி, கொடியில் காயப்போடுவார். காய்ந்ததும் பார்த்துவிட்டு, இன்னும் வெளுக்கவில்லையே என்று மறுபடியும் கொண்டுவருவார்களாம். பிள்ளைகள் தன்னோடு சேர்ந்து விளையாடிய விளையாட்டு என்றுதான் இதை எங்களுக்குச் சொல்லிவந்தார். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும்.

அக்காவின் மகள் வீட்டில் ஓயாமல் கதைப்பாள். நர்சரியில் வாயே திறக்கமாட்டாள். முதலாம் வகுப்பு நேர்முகத்தில் பெயரைக் கேட்டால் இவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நல்ல பாடசாலை கிடைக்காது என்று டீச்சர் அக்காவிடம் சொல்லியிருந்தார். கார்மெண்ட் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் இருக்கும்போதும் அக்காவுக்கு அதே யோசனைதான். அந்த நேரத்தில்தான் நர்சரியில் வினோதவுடைப் போட்டி வைத்தார்கள். கதைப்புத்தகத்தில் வரும் ஒருவரைப் போல உடுத்தி, மேடையில் ஒரு வரி சொல்லவேண்டும். யாரும் எதிர்பார்க்கவில்லை, பிள்ளை தான் போவதாகச் சொன்னாள். அம்மாயியின், அதாவது எங்கள் அம்மாவின், புத்தகத்தில் இருக்கும் பிள்ளையாகத்தான் போவாளாம்.

அம்மா அன்றே தையல்காரியிடம் ஓடினார். சிவப்புக் காற்சட்டை, நீலக் கோட்டு, கழுத்துக்குப் பெரிய மஞ்சள் ரிபன். அளவெடுத்து முடிந்ததும், படத்தைப் பார்த்து மேக்கப் போடட்டும் என்று புத்தகத்தையும் பொம்மையையும் டீச்சரிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் நான் கண்டது தைத்துவந்த உடையைத்தான். அழகாகவே இருந்தது. வீட்டுக்குள் நடந்து நடந்து பிள்ளை தன் வரியைப் பழகினாள்: குட் மோர்னிங், நான் இன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அன்றுவரை எனக்கும் அது வேடிக்கையான ஒரு பெயராகத்தான் கேட்டது.

போட்டியில் இரண்டு இளவரசிகள் வந்துபோனார்கள். ஒரு முயல் வந்து அழுதுவிட்டுப் போனது. பிறகு எங்கள் பிள்ளை வந்தாள். கண்களைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டிருந்தார்கள். வாயைச் சுற்றிக் கன்னத்தில் பாதிவரை லிப்ஸ்டிக். தலையில் கறுப்புக் கம்பளி நூலைச் சுருட்டி ஒட்டியிருந்தார்கள். டீச்சர் மேடையில் ஏறி, புத்தகத்தை விரித்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அந்தப் படத்தை நான் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். மனிதப் பிள்ளையின் முகம் அல்ல அது. பிதுங்கிய கண்ணும் பிளந்த வாயுமாக, பார்த்துச் சிரிப்பதற்கென்றே வரைந்த ஒன்று.

“பாருங்கோ, அப்படியே இருக்கிறா தானே,” என்றார் டீச்சர் மைக்கில். “மற்றப் பிள்ளைகளுக்கு மேக்கப் போட எவ்வளவு நேரம் போச்சுது. இவவின்ட முகத்துக்கு நிறம் பூச வேண்டியே வரேல்ல.”

மண்டபம் சிரித்தது. டீச்சர் கெட்டவர் அல்ல. அவரும் எங்கள் நிறம்தான்.

பிள்ளை தன் வரியைச் சொன்னாள். கணீரென்று சொன்னாள். வெளியாட்கள் முன்னால் அவள் குரலை நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை. சிரிப்பு இன்னும் பெரிதானது. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், தோட்டக்காட்டுப் பிள்ளை போல, நல்லாத்தான் பொருந்துது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிள்ளை எங்களைத் தேடினாள். அம்மா கண்ணில் நீர் வர, கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பிள்ளை பார்த்தாள். அவளுக்கு முதற்பரிசு கொடுத்தார்கள், ஒரு லஞ்ச் பொக்ஸ்.

திரும்பி வரும்போது த்ரீவீலிலேயே அம்மா பிள்ளையின் மேடைப் போட்டோவை லண்டனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே போனில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. பிறகு மேடத்தின் மகன் குரலில் ஒரு செய்தி வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

“என்ன இது, உங்கட தங்கச்சி இன்னும் வெளுக்கேல்லையே?”

“மறக்கவே இல்ல பாரு,” என்றார் அம்மா. பிள்ளை என் மடியில் இருந்து, கோட்டுக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். லிப்ஸ்டிக் போன பிறகும் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புத்தகத்தை என் கையில் தந்தார். பரிசு வாங்கித் தந்த புத்தகம், ஒரு தரம் தமிழில் படித்துக் காட்டு என்றார். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாசலில் செருப்புகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். முதலில் தனியாகப் படித்தேன். வேறொரு கதையைக் கட்டிச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குத் தெரியவே வந்திராது. ஆனால் நான் வாசிப்பது உண்மை என்ற ஒரே நம்பிக்கையில்தான் எங்கள் வீடு என்னைப் படிக்க வைத்தது. அதனால் இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

கறுப்புப் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கேக்கைத் திருடுகிறது. பிடிபடுகிறது. அவர்கள் அதைத் தொட்டியில் போட்டுத் தேய்க்கிறார்கள். எவ்வளவு தேய்த்தும் நிறம் போகவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மாவுக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

“அதுக்கா சிரிச்சாங்க?” என்றார் அம்மா.

“ஆமாம்மா.”

படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “அப்ப, துவைக்கச் சொன்னது?”

அக்கா வந்து புத்தகத்தை மூடினாள். தேத்தண்ணி மூன்று கோப்பையிலும் ஆறிப்போனது.

திங்கட்கிழமை நர்சரியில் எல்லாப் பிள்ளைகளும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டிலும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் கதைத்தாள். துடைத்துத் துடைத்து உதட்டோரம் புண்ணாகியிருந்தது. நான் அரைநாள் லீவு போட்டு டீச்சரிடம் போனேன். பஸ்ஸில் யோசித்துவைத்ததையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார்.

“பகிடிக்குத் தானே, தம்பி. அது அந்தக் காலத்துப் புத்தகம். பிள்ளைகள் ரெண்டு நாளில மறந்துடுங்கள். முதற்பரிசு எடுத்த பிள்ளைக்கு நீங்களே ஏன் இதைப் பெரிசாக்கிறீங்கள்?”

பிள்ளைகள் மறக்கவில்லை. காலையில் வேன் வந்து ஹோர்ன் அடித்தால் எங்கள் பிள்ளை அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுகொண்டாள். இழுத்து எடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் அவளை கிராண்ட்பாஸ் பக்கம் இன்னொரு நர்சரியில் சேர்த்தோம். அங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. வாய்மேல் கை மட்டும் இன்னும் இறங்கவில்லை. நேர்முகம் வருகிறது, எல்லோரும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

லஞ்ச் பொக்ஸை அக்கா கார்மெண்டுக்கு எடுத்துப்போகிறாள். புத்தகமும் பொம்மையும் அதே பேப்பரில் அலுமாரியின் மேல் இருக்கின்றன. லண்டனிலிருந்து கோல் வந்தபோது அம்மா இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார். சாப்பிட்டீங்களா, அங்க குளிரா என்று கேட்டார். கையால் ஊட்டி வளர்த்த பிள்ளைகளிடம் வேறென்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டாரிலிருந்து அக்காவின் கணவர், அனுப்பிய காசு என்னவானது, பிள்ளையை ஏன் நர்சரி மாற்றினீர்கள் என்று கேட்டார். அக்கா சொல்லத் தொடங்கி, புத்தகத்தில் தொட்டி வரும் இடத்தில் நின்றுவிட்டாள். பிறகு, துணியும் தையல்கூலியும், போட்டிக்குக் கட்டியது, த்ரீவீல், உதட்டுக்குப் பூசிய களிம்பு, புது நர்சரி அட்மிஷன் என்று செலவை மட்டும் சொன்னாள். கூட்டிச் சொல்லச் சொல்லி போனை என்னிடம் தந்தாள். நான் கூட்டிச் சொன்னேன்: இருபத்துமூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.